பகடையைக் கூட்டிக் கழித்து மந்திரம்: ஓர் ஆட்டக் குழுவின் பதினாறு செஷன்கள்

பின்னணி

நாங்கள் ஐந்து பேர். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். மற்ற நால்வரும் ஆட்டக்காரர்கள். அவர்களின் பெயர் இங்கே வேண்டாம், ஏற்ற பாத்திரத்தை வைத்தே சொல்கிறேன்: மந்திரவாதி, பூசாரி, வில்லாளி, திருடன். நால்வரிடமும் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பூசாரியாக ஆடியவர் மட்டும் ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

இதற்கு முன் இரண்டு ஆர்.பி.ஜி. (ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையில் ஆடும் ஆட்டம்) கதைகளை ஒன்றாக ஆடி முடித்திருந்தோம். இரண்டிலும் எனக்கு ஒரே குறை. மந்திரம் என்பது புத்தகத்தில் இருக்கும் ஒரு பட்டியல், அவ்வளவுதான். 1974-ல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் தொடங்கி வைத்த வழி அது: மந்திரத்தை மனப்பாடம் செய்துகொள், ஒருமுறை சொன்னதும் மறந்துபோகும், நாளைக்கு மறுபடி மனப்பாடம் செய். கதைக்குள் மந்திரவாதி முப்பது வருடம் படித்தவன். மேசையில் அவனை ஆடுபவர் செய்வதோ ஒரு பகடையை உருட்டி, பட்டியலைப் பார்ப்பது. அந்த முப்பது வருடப் படிப்பை மேசையில் ஒருமுறையாவது உணர வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கணிதத்தை இழுத்தது அதனால்தான். கணக்கும் மாயமும் ஒட்டியிருப்பது புதிதல்ல. மாயச்சதுரம் என்பது எந்த வரிசையைக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டம். மாயக்கலை பற்றி எழுதிய அக்ரிப்பா 1533-ல் மூன்றுக்கு மூன்று மாயச்சதுரத்தைச் சனிக்கும், ஒன்பதுக்கு ஒன்பதைச் சந்திரனுக்கும் கொடுத்து, இடையில் உள்ளவற்றை மற்ற ஐந்து கோள்களுக்குப் பங்கிட்டு எழுதிவைத்தார். அதற்கும் முன்னால், 1514-ல், ஜெர்மானிய ஓவியர் டியூரர் ஒரு செதுக்கோவியத்தின் மூலையில் எந்த வரிசையைக் கூட்டினாலும் 34 வரும் சதுரம் ஒன்றை வைத்தார். அதன் கடைசி வரிசையின் நடுவில் 15, 14 என்று அந்த ஆண்டே இருக்கிறது.

முதலில் மாயச்சதுரத்தையே காவல் மந்திரமாக வைக்கப் பார்த்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றே கைவிட்டேன். மூன்றுக்கு மூன்றில், திருப்பிப் போட்டதையும் கண்ணாடியில் பார்த்ததையும் ஒன்றாக எண்ணினால், இருப்பதே ஒரே ஒரு சதுரம். ஒருமுறை தெரிந்துகொண்டால் அதோடு புதிர் முடிந்தது. நாலுக்கு நாலில் 880 இருக்கின்றன, ஆனால் அதை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கச் சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் விதி

பாத்ஃபைண்டர் விளையாட்டில் 2014-ல் வந்த 'சேக்ரட் ஜியோமெட்ரி' என்ற திறன் பலருக்குத் தெரிந்திருக்கும். பாத்திரத்துக்குப் பொறியியல் அறிவில் எத்தனை புள்ளி இருக்கிறதோ அத்தனை ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். விழுந்த எண்களைக் கூட்டி, கழித்து, பெருக்கி, வகுத்து, குறிப்பிட்ட பகா எண் ஒன்றை உருவாக்க வேண்டும். முதல் நிலைக்கு 3, 5, 7. அப்படியே ஏறி ஒன்பதாம் நிலைக்கு 101, 103, 107. வந்துவிட்டால் மந்திரத்துக்குக் கூடுதல் வலு.

என் முதல் விதி இதன் தம்பி. முதல் நிலை மந்திரத்துக்கு இரண்டு பகடை, இலக்கு 3, 5, 7. இரண்டாம் நிலைக்கு நான்கு பகடை, இலக்கு 11, 13, 17. மூன்றாம் நிலைக்கு ஐந்து பகடை, இலக்கு 19, 23, 29. விழுந்த எல்லாப் பகடைகளையும் பயன்படுத்தியாக வேண்டும். மந்திரவாதியும் பூசாரியும் மட்டுமே மந்திரம் சொல்லலாம்.

கவனித்தவை: முதல் நான்கு செஷன்

முதல் செஷனில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பகடைகளை நகர்த்தி நகர்த்தி வைத்து எண்ணைத் தேடுவது பார்க்கவே மந்திரவேலை மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது செஷனில் ஒரு கோணல் தெரிந்தது. நான் அதை ஆட்டத்துக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இரண்டு பகடைகளில் மொத்தம் 36 விழுகைகள். அவற்றில் 3, 5, 7-ல் ஒன்றைத் தருபவை 20 மட்டுமே. இரட்டைகள் ஆறும் வீண். 2-4, 3-5, 4-5, 4-6, 5-6 ஆகியவையும் வீண். ஆக, எளிய மந்திரம் நூற்றுக்கு 44 தடவை போல தோற்கும். ஐந்து பகடை போட்டாலோ வழிகள் பெருகிக்கொண்டே போகும், தோற்பது அரிதாகிவிடும். விளக்கேற்றும் மந்திரம் பாதி நேரம் ஏறாது, கோட்டையை எரிக்கும் மந்திரம் எப்போதும் ஏறும். கஷ்டம் தலைகீழாக நின்றது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூன்றாவது செஷனில் வந்தது. பாலத்தின் மேல் சண்டை. பூசாரியின் முறை. மூன்றாம் நிலை மந்திரம். பகடையில் 2, 4, 4, 5, 6. அவர் தாளை எடுத்து 5×4=20 என்று எழுதினார். அடுத்து 20−4=16. மிச்சம் 6-ம் 2-ம். பென்சில் அங்கே நின்றது. இன்னும் ஒரே ஒரு படிதான்: 6÷2=3, 16+3=19. அதற்குள் மேசைக்கு எதிர்ப்பக்கமிருந்து மந்திரவாதி, "அஞ்சாறு முப்பது, நாலுக்கு நாலு ஒண்ணு, ரெண்டைக் கழி, இருபத்தொன்பது! வந்துருச்சு" என்றார். உருட்டி பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். பூசாரி தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குப்பின் அந்தச் செஷனில் அவர் மந்திரமே சொல்லவில்லை, தடியால் அடித்துக்கொண்டிருந்தார். நான்காவது செஷனில் அவர் முறை வரும்போதெல்லாம் பகடையை மந்திரவாதியின் பக்கம் தள்ளிவிட்டார். மந்திரவாதி கெட்ட எண்ணத்தில் செய்தவரல்ல. கணக்கைப் பார்த்தால் அவருக்கு வாய் நிற்காது, அவ்வளவுதான்.

வில்லாளியும் திருடனும் வேறு மாதிரி தவித்தார்கள். ஒரு மூன்றாம் நிலை மந்திரத்துக்குச் சில நேரம் நாலைந்து நிமிடம் ஆகும். அவர்கள் முறை வந்தால் அம்பு விடுவது அரை நிமிட வேலை. மீதி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்த முடிவுகள்: முதலில் தவறானவை

ஐந்தாவது செஷனில் ஒரு நிமிட மணற்கடிகாரம் கொண்டுவந்தேன். என் காரணம், காத்திருக்கும் நேரம் குறையும் என்பது. குறையத்தான் செய்தது. ஆனால் மெதுவாகக் கணக்குப் போடுகிறவரின் முன்னால் மணல் கொட்டுவதை வைத்தேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அன்று பூசாரி இரண்டு மந்திரம் முயன்றார், இரண்டும் மணலில் போயின.

ஆறாவது செஷனுக்கு முன் திருடன் சின்னதாக ஒரு நிரல் எழுதிக் கொண்டுவந்தார். பகடை எண்களைத் தட்டினால் வழியைக் காட்டிவிடும். அனுமதித்தேன். வேகச் சிக்கல் தீர்ந்தது, காத்திருப்பு தீர்ந்தது, யாரும் யாரையும் முந்தவில்லை. அதோடு மந்திரமும் தீர்ந்தது. பகடையை உருட்டு, போனில் தட்டு, 'ஆகும்' என்று வரும், அடுத்தவர். பழைய பட்டியலே இதைவிடத் தேவலை என்று வில்லாளி சொன்னார். ஏழாவது செஷனை இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொண்டோம்.

நிறுத்தி யோசித்தது

மூன்று வாரம் இடைவெளி விட்டேன். அதற்கிடையில் பூசாரியிடம் தனியாகப் பேசினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது. "கணக்கு பிடிக்காம இல்லண்ணா. நாலு பேர் பார்த்துட்டு இருக்கும்போது போட முடியல. பள்ளிக்கூடத்துல இருந்தே அப்படித்தான்" என்றார். விலகிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாராம்.

அந்த நிரல்தான் எனக்கு விடையைக் காட்டியது. ஒரு நிரலிடம் கொடுத்ததும் சுவை போய்விட்டது என்றால், அங்கே இருந்தது கணக்குப் போடும் வேலை மட்டும்தான். மந்திரவாதி முப்பது வருடம் படித்தது கூட்டல் கழித்தலையா? உலகத்தின் விதியை அல்லவா படித்திருப்பான்? எண்களின் குணத்தை உலகத்தின் விதியாக வைத்து, அதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடிக்க விட்டால் கணக்கு தானாகச் சின்னதாகிவிடும் என்று தோன்றியது.

வேறு வழிகளையும் எண்ணிப் பார்த்தேன். கணிதத்தையே விட்டுவிடலாம் என்று வில்லாளி சொன்னார். அது நியாயமான யோசனை. ஒருவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுப்பதைப் பற்றியும் பேசினோம். பூசாரிக்கு அது அறவே வேண்டாம். கடைசியில், எட்டாவது செஷனில் புதிய விதி ஒன்று, பிடிக்காவிட்டால் பழைய பட்டியலுக்கே திரும்பிவிடுவது என்று ஒப்புக்கொண்டோம்.

இரண்டாவது விதி

நான்கு பூதங்கள், நான்கு பகா எண்கள். நெருப்பு 2, நீர் 3, காற்று 5, மண் 7. நால்வருக்கும் நிறச் சில்லுகள் ஆளுக்கு ஆறு, பையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். மந்திரம் சொல்ல, சில்லுகளை மேசையில் வைத்துப் பெருக்க வேண்டும். எத்தனை சில்லோ அத்தனை வலு. எந்தச் சில்லோ அந்தக் குணம். நெருப்பு, நெருப்பு, நீர் என்று வைத்தால் 2×2×3=12: கொதிக்கும் நீர். எதிரிக்கும் இதே சட்டம்.

மந்திரம் காற்றில் நிற்கும்போது அதன் எண் எல்லோர் கண்ணிலும் படும், செய்முறை தெரியாது. யார் வேண்டுமானாலும் ஒரு பூதத்தைச் சொல்லி அதை வகுக்கப் பார்க்கலாம். மீதியின்றி வகுபட்டால் அந்தப் பூதம் மந்திரத்திலிருந்து கழன்றுவிடும். வகுபடாவிட்டால், மிஞ்சும் எண் அப்படியே வகுத்தவரின் உயிர்ப்புள்ளியில் விழும். ஆளுக்கு 12 புள்ளி.

ஒரு முழு எண்ணைப் பகா எண்களாகப் பிரிக்க ஒரே ஒரு வழிதான் உண்டு. கணிதமேதை காவுஸ் 1801-ல் முறையாக நிறுவிக் காட்டிய அந்தத் தேற்றம்தான் இந்த உலகின் முதுகெலும்பு. 90 என்ற மந்திரம் இரண்டு செய்முறைகளில் பிறக்க முடியாது. அதனால் எண்ணைப் படிக்கத் தெரிந்தவருக்கு மந்திரம் திறந்த புத்தகம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாவது செஷனில் எதிரி விட்ட முதல் மந்திரமே 90. வில்லாளி யோசிக்காமல் "மண்!" என்றார். 90-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 6. ஏற்கெனவே 9 புள்ளியில் இருந்தவர் 3-க்கு வந்தார். அடுத்து திருடன் கொஞ்சம் பார்த்தார். "பூஜ்யத்துல முடியுது. அப்ப அஞ்சு நிச்சயம் இருக்கு." காற்றைக் கழற்றினார். மிஞ்சியது 18, அதாவது ஒரு நெருப்பும் இரண்டு நீரும். கொதிநீராவி அங்கேயே நின்றது, தள்ளிக்கொண்டு வர காற்றில்லை. எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். மந்திரமே தெரியாத இரண்டு கேரக்டர்கள் அந்தச் சுற்றை ஆடி முடித்திருந்தார்கள்.

நான் திட்டமிடாத ஒன்றும் இதில் இருந்தது. 2-ஆல் வகுத்தால் மீதி மிஞ்சிப்போனால் 1. 7-ஆல் வகுத்தால் 6 வரை போகும். ஆகவே நெருப்பைத் தொட்டுப் பார்ப்பது மலிவு, மண்ணைத் தொடுவது ஆபத்து. உலகத்துக்கு இப்படி ஒரு குணம் தானாக அமைந்ததை ஆட்டம் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். ஆட்டக்காரர்களோ அதை வைத்து அதற்குள் பழமொழியே உண்டாக்கிவிட்டார்கள்.

221

பத்தாவது செஷனில் ஒரு கல்கதவு. அதன் மேல் 221 என்று பொறித்திருந்தது. அடித்தால் உடையாது, வகுத்தால்தான் திறக்கும்.

நான்கு பூதங்களையும் வரிசையாக முயன்றார்கள். நெருப்புக்கு மீதி 1, நீருக்கு 2, காற்றுக்கு 1, மண்ணுக்கு 4. மொத்தம் 8 புள்ளி போனது, கதவு அசையவில்லை. மந்திரவாதி என்னைப் பார்த்து, விதியில் ஏதோ தப்பு என்றார்.

பூசாரி தாளை வெளியே எடுத்திருந்தார். மூன்றாவது செஷனுக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்க்கிறேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை, ஏனென்றால் கதவு எங்கும் ஓடிப்போகாது. ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். மற்றவர்கள் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, இந்தக் கதவு நம்ம நாலு பூதத்தால செஞ்சதே இல்ல. வேற ஏதோ இருக்கு" என்றார்.

எது என்று கேட்டேன்.

"பதினஞ்சு பதினஞ்சு இருநூத்தி இருபத்தஞ்சு. அதனால பதினஞ்சுக்கு மேல தேட வேண்டாம், ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா சின்னதா இருக்கும். பதினொண்ணு போட்டுப் பார்த்தேன், ஒண்ணு மிஞ்சுது. பதிமூணு சரியா போகுது. பதிமூணு பதினேழு."

ஒரு எண்ணின் காரணியைத் தேட அதன் வர்க்கமூலம் வரை போனால் போதும் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம்தான். அவர் அதை அங்கே உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தார். கதைக்குள் அதற்குப் பொருள்: நான்கு பூதங்களுக்கு வெளியே ஐந்தாவதும் ஆறாவதும் உண்டு, யாரோ அவற்றை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மீதிக் கதை முழுக்க அந்த 13-ஐயும் 17-ஐயும் தேடிப் போவதாக மாறியது. நான் எழுதி வைத்திருந்த கதை வேறு. அதைத் தூக்கிப் போட்டேன்.

விலை கொடுத்தவர்

இதில் நட்டம் மந்திரவாதிக்கு. வேகம் இருந்தவரை மேசை அவருடையது. புதிய விதியில் வேகத்துக்கு வேலையில்லை. பதினோராவது, பன்னிரண்டாவது செஷன்களுக்கு அவர் வரவில்லை, வேலை இருக்கிறது என்றார். வேலை இருந்திருக்கலாம். நான் போன் செய்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஒருவரை மீட்ட மகிழ்ச்சியில் இன்னொருவரைப் பார்க்கவில்லை.

பதிமூன்றாவதுக்கு வந்தார். வரும்போதே கையில் ஒரு தாள். "2×3×5×7 கூட ஒண்ணைக் கூட்டினா 211. எந்தப் பூதத்தால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சும். இதைக் காவலா வைக்கணும், யாராலும் உடைக்க முடியாது." பகா எண்களுக்கு முடிவில்லை என்று காட்ட யூக்ளிட் கையாண்ட யோசனையின் சாயல் அது. சிக்கல் என்னவென்றால், என் விதியில் பெருக்கல் மட்டும்தான் உண்டு, கூட்டலுக்கு இடமில்லை. அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில், நான்கு பூதங்களும் ஒன்றாக மேசையில் இருந்தால் ஒருவர் தன் உயிர்ப்புள்ளியில் ஒன்றைக் கொடுத்து எண்ணை ஒரு படி நகர்த்தலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். 'கூட்டலாம்' என்று சொல்லாமல் 'நகர்த்தலாம்' என்று சொன்னது வாய் தவறித்தான்.

பூசாரி அதைப் பிடித்துக்கொண்டார். "உடையாதுதான். ஆனா தட்டுறவனுக்கு ஒரு புள்ளிதானே போகும்? ஒண்ணைக் கூட்டாம கழிச்சா?"

209. நெருப்பால் வகுத்தால் மீதி 1, நீரால் 2, காற்றால் 4, மண்ணால் 6. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்ச அடி. நான்கையும் முயல்கிறவனுக்கு 13 போகும், இருப்பதோ 12. மந்திரவாதி தாளைத் திருப்பி எழுதிப் பார்த்துவிட்டு, தன் புள்ளியைத் தானே கொடுத்தார்.

முடிவில் நடந்தது

பதினைந்தாவது செஷனில் 209 காவல் ஒரு படையையே நிறுத்தியது. பதினாறாவதில் உடைந்தது. 209 பகா எண் அல்ல, 11×19. 211-தான் பகா எண். எதிரியிடம் 11 இருந்தது. அதற்கான தடயத்தைப் பதினான்காவது செஷனிலேயே வைத்திருந்தேன், யாரும் காவலோடு பொருத்திப் பார்க்கவில்லை. உடைந்ததும் மேசையில் ஒரு கணம் சத்தமில்லை. அப்புறம் மந்திரவாதியும் பூசாரியும் ஒரே தாளில் குனிந்து 11-ஐ 19-ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். கதை அவர்கள் தோல்வியோடு முடிந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மாற்ற நினைப்பவை

ஆரம்பிக்கும் முன்பே நால்வரிடமும் தனித்தனியாகக் கேட்பேன்: மேசையில் எல்லோர் முன்னாலும் செய்ய உங்களுக்குச் சங்கடமானது எது? இது கணக்குக்கு மட்டுமல்ல. சிலருக்குப் பாடுவது, சிலருக்கு எதிரியின் குரலில் பேசுவது.

எந்தக் கணித விதியையும் ஆட்டத்துக்குக் கொண்டுவரும் முன் முழு எண்ணிக்கையும் எடுத்துவிடுவேன். 36 விழுகைகளை எழுதிப் பார்க்க கால் மணி நேரம்கூட ஆகாது. அதைச் செய்திருந்தால் முதல் விதி முதல் வாரத்திலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

மந்திரவாதி மாதிரியான ஆட்டக்காரருக்கு வேகம் வேலை செய்யும் ஓர் இடத்தை விதியிலேயே வைப்பேன், ஆனால் அடுத்தவரின் முறையில் அல்ல. எதிரி ஓடிக்கொண்டே மந்திரம் மாற்றும் துரத்தல் காட்சிகள் அதற்குப் பொருந்தலாம், இன்னும் ஆடிப் பார்க்கவில்லை.

தீராத ஒன்றும் இருக்கிறது. கதை வளர வளர எண்கள் பெருத்தன. 480, 1260 என்று வந்தபோது வகுப்பது மறுபடி வேலையாகத்தான் இருந்தது. எண்ணையே மறைத்துவிட்டு நிறச் சில்லுகளை மட்டும் காட்டலாம் என்று வில்லாளி சொன்னார். அப்படிச் செய்தால் வகுக்கத் தேவையில்லை, சில்லைப் பார்த்தே கழற்றிவிடலாம். ஆனால் 221 எழுதிய கதவு அந்த ஆட்டத்தில் இருக்க முடியாது. இப்போதைக்கு மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வது என்று வைத்திருக்கிறோம். அடுத்த கதைக்குப் பூசாரிதான் கேம் மாஸ்டர், விதியை அவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.